ஏழையர் வாசல் தேடி வந்த கண் மருத்துவம்: ஒரு வரலாற்றுப் பார்வை

"வயதாகிவிட்டது, இனிப் பார்வை எப்படி இருக்கும்?" என்று கூறி முதியோரைத் திண்ணையிலேயே அமர்த்திவிடும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அவ்வாறு அமர்த்தப்பட்டோருள் பலர் பார்வையை நிரந்தரமாக இழந்தவர் அல்லர். 2015 முதல் 2019 வரை நம் நாட்டில் நடத்தப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதைக் கடந்தோரின் பார்வையின்மையில் 66.2 விழுக்காடு கண்புரையினால் ஏற்பட்டதாகும். கண்ணினுள் உள்ள இயற்கை வில்லை வெண்மை படர்ந்து ஒளியை மறைப்பதே கண்புரை. அதனை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தும் அறுவை சிகிச்சை பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. அரசு மருத்துவமனைகளில் ஏழையருக்கு அதற்குக் கட்டணமும் இல்லை.

அவ்வாறாயின், திண்ணையில் அமர்ந்திருப்பவர் ஏன் இன்னும் எழவில்லை? இக்கேள்விக்கு விடை காண, ஏழையர்க்கான கண் மருத்துவம் கடந்து வந்த பாதையைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயனுடையதாகும். கட்டணம் எனும் ஒரு பூட்டைத் திறந்துவிட்டால் கதவு திறந்துவிடும் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அக்கதவில் தொலைவு, துணையின்மை, தரக்குறைவு, அச்சம் என வேறு பூட்டுகளும் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் திறக்க முயன்றோரின் வரலாறே இது.

கெய்ரோவின் அறக்கொடை மருத்துவமனை

நம் வீடுகளில் சுர்மா என வழங்கும் கண்மையை அரபியர் 'குஹ்ல்' என்பர். கண் மருத்துவரைக் குறிக்கும் 'கஹ்ஹால்' எனும் அரபிச் சொல் அதிலிருந்தே பிறந்தது. கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பாக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா என்பார் இப்பட்டப் பெயராலேயே அறியப்பட்டார். 'தத்கிரதுல் கஹ்ஹாலீன்' எனும் தம் நூலில் அவர் 130 கண் நோய்களை விவரித்தார். அவர் காலத்தவரான அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ, உட்புழையுள்ள ஊசியொன்றைக் கொண்டு புரையை உறிஞ்சி எடுக்கும் முறையைக் கையாண்டார். அதுவரை, கெட்டுப்போன வில்லையை ஊசியால் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவதே எங்கும் வழக்கமாயிருந்தது.

கல்வி வளர்ந்தது. ஆயினும் அக்கல்வியின் பயன் ஏழைக்கு எவ்வாறு கிட்டும்? இதற்கு அக்காலம் கண்ட வழி வக்ஃபு எனும் நிலையான அறக்கொடையாகும். கி.பி. 1284இல் சுல்தான் மன்சூர் கலாவூன் கெய்ரோ நகரில் ஒரு பெரும் மருத்துவமனையை எழுப்பினார். செல்வர், வறியோர், ஆண், பெண், உள்ளூரார், வெளியூரார் என்ற வேறுபாடின்றி அங்கு மருத்துவம் செய்யப்பட்டது. கண் நோயாளிகளுக்கெனத் தனிப் பகுதியும் இருந்தது. மருத்துவரின் ஊதியம், மருந்து, உணவு ஆகிய அனைத்தும் அம்மருத்துவமனைக்கென எழுதிவைக்கப்பட்ட சொத்துகளின் வருவாயிலிருந்து வழங்கப்பட்டன.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு செல்வர் ஒரு நாள் மனமிரங்கி அளிக்கும் உதவி அந்நாளோடு முடிந்துவிடும். கலாவூனின் மருத்துவமனையோ அவர் மறைந்த பின்னும் நூற்றாண்டுகள் இயங்கிற்று. அதே வளாகத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட மருத்துவமனையும் கண் மருத்துவத்திற்கே உரியதாய் அமைந்தது. வருவாய்க்கு நிலையான வழி செய்யப்பட்ட அறமே நீடித்து நிற்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தஞ்சையும் சென்னையும்

இனி நம் தமிழகத்திற்கு வருவோம். 1798 முதல் 1832 வரை தஞ்சையில் ஆட்சி புரிந்த இரண்டாம் சரபோஜி மன்னர், 'தன்வந்திரி மகால்' எனும் மருத்துவ நிலையத்தை நிறுவினார். அவர் காலத்தில் கண் நோயாளிகளைப் பற்றி எழுதிவைக்கப்பட்ட குறிப்பேடுகள் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. நோயாளிகளின் கண்கள் வண்ணப் படங்களாக அவற்றில் தீட்டப்பட்டுள்ளன. புகைப்படம் இல்லாத அக்காலத்தில், சாதாரணக் குடிமக்களின் விழிகளை அத்துணைக் கவனத்துடன் ஒருவர் பார்த்து வரைந்திருப்பது வியப்பிற்குரியது.

சென்னையில் 1819ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் ஒரு கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. இராயப்பேட்டையில் தொடங்கி, பின்னர் எழும்பூருக்கு இடம் மாறிய அதுவே இன்றைய அரசு கண் மருத்துவமனை. ஆசியாவின் மிகப் பழமையான கண் மருத்துவமனை என்னும் பெருமை அதற்குண்டு. கண் சிவந்து நீர் வடியும் தொற்றினை நாம் 'மெட்ராஸ் ஐ' என்கிறோமே, 1918இல் அந்நோயை ஆராய்ந்து பதிவு செய்தவரும் அம்மருத்துவமனையின் மருத்துவரான கிர்க்பாட்ரிக் என்பவரே.

கட்டணமின்றிக் கண் பார்க்கும் இடம் சென்னையில் வந்துவிட்டது. ஆனால் பட்டுக்கோட்டையிலும் பரமக்குடியிலும் புரையால் பார்வை மங்கிய ஒரு குடியானவர் என் செய்வார்? ஊர் ஊராகச் சுற்றி வந்து, ஊசியால் வில்லையைக் கீழே தள்ளும் நாட்டு வைத்தியரிடமே அவர் கண்ணைக் காட்டினார். உடனே ஓரளவு வெளிச்சம் தெரியும். வைத்தியரும் கூலியைப் பெற்றுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பின்னர் கண் பழுத்து, இருந்த பார்வையும் போய்விடுவது மிகப் பலருக்கு நேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கண் மருத்துவமனைக்குத் தலைமையேற்றிருந்த எலியட், இவ்வாறு கெட்டுப்போன கண்களை நூற்றுக்கணக்கில் ஆராய்ந்தார். 1917இல் லண்டனில் அவர் ஆற்றிய உரைகள் இதனைப் பற்றியவையே.

மக்களின் அறியாமையே இதற்குக் காரணம் என்று கூறிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கூற விரும்பவில்லை. நாட்டு வைத்தியர் வீட்டு வாசலுக்கு வந்தார், மருத்துவமனை வரவில்லை. ஏழை தன் வாசலுக்கு வந்தவரை நம்பினார். அவ்வளவே.

முகாம்களின் காலம்

மருத்துவமனையும் வாசலுக்குச் செல்ல வேண்டும் என்பதை உணர்ந்தோர் பின்னர் தோன்றினர். 1934இல் திருச்சிராப்பள்ளியில் டாக்டர் ஜோசப் ஞானாதிக்கம் கண் மருத்துவமனையொன்றைத் தொடங்கினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் விக்டர் ராம்போ, 1940களில் மருத்துவக் குழுவினரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்கே சென்றார். பள்ளிக்கூடங்களும் சத்திரங்களும் சில நாள்களுக்கு அறுவைக் கூடங்களாயின. தரையில் பாய் விரித்து நோயாளிகள் வரிசையாகப் படுத்திருப்பர். உள்ளூர்ப் பெருமக்கள் உணவு சமைத்து வழங்குவர். சமய வேறுபாடின்றி ஊரார் தோள் கொடுத்த பணி அது.

தொலைவு எனும் பூட்டு இவ்வாறு திறக்கப்பட்டது. ஆயின் வேறொரு குறை நேர்ந்தது. பள்ளிக்கூட அறையை எவ்வளவு கழுவினாலும் அது அறுவைக் கூடம் ஆகிவிடாது. முகாம் கலைந்து மருத்துவர்கள் சென்ற பின்னர் ஒருவருக்குக் கண் வலித்தால் கேட்க ஆளில்லை. எனவே காலப்போக்கில், முகாமில் பரிசோதனை மட்டும் செய்து, அறுவை தேவைப்படுவோரை வாகனத்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடும் முறை வலுப்பெற்றது. இன்று நாம் காணும் முகாம்கள் இம்முறையில் நடப்பவையே.

மதுரையில் 11 படுக்கைகள்

1976ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருமடங்கு சிறப்புடையது. அவ்வாண்டில்தான் நடுவண் அரசு பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கிற்று. அதே ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது.

அதனை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918இல் எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்தில் பிறந்தவர். மகப்பேற்று மருத்துவராக விரும்பிய அவரை, முடக்குவாத நோய் இளமையிலேயே தாக்கிற்று. விரல்கள் கோணிப்போயின, எழுதுகோலைப் பிடிப்பதே அரிதாயிற்று. அவர் கண் மருத்துவத்திற்கு மாறி, கோணிய அவ்விரல்களைக் கொண்டே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகினார். மதுரை அரசு மருத்துவமனையில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றுப் பணியாற்றினார். தம் வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவைகள் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டவை. 2006இல் அவர் காலமானார்.

அரசுப் பணியிலிருந்து 58ஆம் வயதில் ஓய்வு பெற்றவர், ஓய்ந்திருக்கவில்லை. வீட்டை அடமானம் வைத்தும் குடும்பத்தாரின் நகைகளைக் கொண்டும் பணம் திரட்டப்பட்டது. அவர் வகுத்த முறை எளிமையானது. வசதியுடையோர் கட்டணம் செலுத்துவர்; இயலாதோர் செலுத்த வேண்டியதில்லை. அந்தக் கட்டணத்தில் மிஞ்சுவதைக் கொண்டு இந்த இலவசப் பணி நடக்கும். இருசாராருக்கும் மருத்துவர் ஒருவரே. அறையிலும் கட்டிலிலும் வேறுபாடு உண்டு, அறுவையில் இல்லை.

இதற்குச் செலவைக் குறைப்பது இன்றியமையாததாயிற்று. அறுவைக் கூடத்தில் இரண்டு மேசைகள் அருகருகே இடப்பட்டன. ஒன்றில் மருத்துவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். பள்ளிப் படிப்பை முடித்த கிராமப்புறப் பெண்கள் பயிற்சியளிக்கப்பட்டு, பரிசோதனைகளையும் ஆயத்தப் பணிகளையும் மேற்கொண்டனர். மருத்துவர் தமக்கே உரிய வேலையை மட்டும் செய்ததால், அவரால் ஒரே நாளில் பன்மடங்கு நோயாளிகளைக் கவனிக்க முடிந்தது. கெய்ரோவின் மருத்துவமனை சொத்தின் வருவாயால் நின்றது. மதுரையின் மருத்துவமனை இயன்றவர் செலுத்தும் கட்டணத்தால் நின்றது. வழிகள் வேறாயினும், நாள்தோறும் கையேந்தி நிற்காத அறம் என்பதில் இரண்டும் ஒன்றே.

வில்லையின் விலை

ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே தரம் என்பது சொல்வதற்கு எளிது. 1980களின் நிலை வேறு. வசதியுடையோருக்குக் கண்ணினுள்ளேயே செயற்கை வில்லை பொருத்தப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த அவ்வில்லையின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. முகாம்களின் வழியே வந்த ஏழைக்குப் புரையை அகற்றிவிட்டு, தடித்த 'சோடாபுட்டி'க் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினர். அக்கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அவர் மீண்டும் பார்வையற்றவரே. அணிந்திருந்தாலும் பொருள்கள் பெரிதாகத் தோன்றும். பக்கப் பார்வை சரியாக இராது.

1992இல் அரவிந்த் நிறுவனத்தார் மதுரையில் 'அரோலேப்' எனும் தொழிற்கூடத்தைத் தொடங்கி, வில்லைகளைத் தாமே செய்யலாயினர். அவற்றின் விலை 10 டாலர் அளவிற்கு இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அங்கிருந்து வில்லைகள் செல்கின்றன. 1994 முதல் 2002 வரை உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு உள்ளிட்ட 7 மாநிலங்களில் கண்புரை ஒழிப்புத் திட்டம் நடந்தபோது, வில்லை பொருத்தும் அறுவை அரசு மருத்துவமனைகளிலும் பரவிற்று. ஏழையின் முகத்திலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடி இறங்கியது இவ்வாறுதான்.

இருப்பினும் தரம் என்பது ஒருமுறை அடைந்துவிட்டால் போதும் என்று விட்டுவிடக் கூடியதன்று. 2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த ஓர் இலவச முகாமின் வழியே அறுவை செய்துகொண்டோரில் அறுபதுக்கும் மேற்பட்டோர் தொற்றினால் கண் பார்வையை இழந்தனர். இலவசம் என்பதற்காக, எங்கே, யார், எவ்வாறு செய்கிறார்கள் எனக் கேட்காமல் இருந்துவிடலாகாது என்பதை அத்துயரம் நமக்கு உணர்த்திற்று.

இலவசமாயிருந்தும் வராதோர்

கட்டணம் நீங்கிற்று, தொலைவு குறைந்தது, தரமும் உயர்ந்தது. மக்கள் திரண்டு வந்தனரா? தென்னிந்தியக் கிராமங்களில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஓர் ஆய்வு நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. கண்ணில் குறையுடைய பெரியோருள், தம் பகுதியில் நடந்த முகாமிற்குச் சென்றோர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர் மட்டுமே! ஏனையோர் கூறிய காரணங்கள் நாம் நாள்தோறும் கேட்பவையே. அறுவை என்றால் அச்சம். போக்குவரத்திற்கும் உணவிற்கும் பணமில்லை. வீட்டையும் பேரக் குழந்தைகளையும் விட்டு வர இயலாது. இந்த வயதில் பார்வை எதற்கு எனும் சலிப்பு.

இக்காரணங்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். இலவச அறுவை என்று நாம் கூறுவது ஏழைக்கு இலவசமன்று. அழைத்துச் செல்லும் மகன் அன்றைய கூலியை இழக்கிறார். மருமகள் உடன் சென்றால் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. பேருந்துக் கட்டணம் கைம்மாற்றாக வாங்கப்படுகிறது. இச்சுமையைப் பிள்ளைகள் மேல் ஏற்ற விரும்பாமலேயே முதியோர் பலர், அவர்களுள்ளும் குறிப்பாகப் பெண்கள், "எனக்குப் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது" என்று கூறிவிடுகின்றனர்.

இதற்கான மருந்தும் அறியப்படாததன்று. மதுரைப் பகுதியில் நடத்தப்பட்டு 1991இல் வெளியான ஆய்வொன்றில், முன்பே அறுவை செய்து பார்வை பெற்ற ஒருவரை வீடுதோறும் அனுப்பி எடுத்துரைக்கச் செய்யும் முறையும், போக்குவரத்தையும் உணவையும் சேர்த்தே வழங்கும் முறையும் சோதித்துப் பார்க்கப்பட்டன. பார்வை பெற்றவரின் சாட்சி, துண்டறிக்கையைக் காட்டிலும் வலியது. 2004 முதல் அரவிந்த் நிறுவனத்தார் சிற்றூர்களில் நிலையான பார்வை மையங்களைத் திறந்தனர். பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தொலைவிலுள்ள மருத்துவர் காணொளி வழியே நோயாளியுடன் பேசுவார். எப்போதோ ஒரு நாள் வரும் முகாமிற்காகக் காத்திருக்கும் நிலை இதனால் மாறிற்று.

நம் முன் உள்ள பணி

இவ்வரலாற்றிலிருந்து நம் ஜமாஅத் கற்றுக்கொள்ள வேண்டியது யாது? இன்று மருத்துவமனைகள் உள்ளன, மருத்துவர்கள் உள்ளனர், வில்லையும் உள்ளது. எஞ்சியிருப்பது திண்ணைக்கும் மருத்துவமனைக்கும் இடையிலுள்ள தூரம் மட்டுமே. அத்தூரத்தைக் கடக்கச் செய்வது மருத்துவரின் பணியன்று. அண்டை வீட்டாரின் பணி. அதாவது நம் பணி.

முதலாவதாக, தெருவாரியாக முதியோரின் பட்டியல் ஒன்று வேண்டும். பார்வை எப்படி இருக்கிறது என்று கேட்டால் போதாது. ஒரு கண்ணை மூடி, எதிரிலிருப்பவரின் விரல்களை எண்ணச் சொல்லிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். இரண்டாவதாக, எங்கே அழைத்துச் செல்வது என்பதை முன்கூட்டியே அறிந்து வைக்க வேண்டும். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண் பிரிவு உள்ளது. தொண்டு மருத்துவமனைகள், மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்தின் ஆதரவுடன் நடத்தும் முகாம்களும் உண்டு. முகாம் நடத்த முன்வருவோரிடம், அறுவை எங்கு நடக்கும், வில்லை பொருத்தப்படுமா, பின்னர்க் கண் வலித்தால் யாரை அணுகுவது என்னும் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, பைத்துல்மால் நிதியில் ஒரு பகுதியை வாகனத்திற்கும், உடன் செல்பவர் இழக்கும் கூலிக்கும் ஒதுக்க இயலுமா என்பதை நிர்வாகிகள் ஆலோசிக்கலாம். பெண்களுக்குத் துணையாகப் பெண்களே செல்வது அவர்களின் தயக்கத்தைப் போக்கும். அறுவைக்குப் பின் சொட்டு மருந்தை வேளை தவறாமல் இடுவதற்கும், குறித்த நாளில் மறுபரிசோதனைக்கு அழைத்துச் செல்வதற்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஏற்கெனவே பார்வை பெற்றவர்களே இப்பணிக்கு மிகவும் பொருத்தமானவர்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கண்புரையால் மங்கிய பார்வை திரும்பும். கண்ணின் நீர் அழுத்தத்தாலும், நீரிழிவினால் விழித்திரை கெடுவதாலும் இழந்த பார்வை பெரும்பாலும் திரும்பாது. இவ்விரண்டும் தொடக்கத்தில் வலியையோ வேறு அறிகுறியையோ காட்டுவதில்லை. ஆகவே சர்க்கரை நோயுள்ளோர் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்வது கட்டாயம். 40 வயதைக் கடந்தோர் கண் அழுத்தத்தையும் அளந்து பார்த்துக்கொள்வது நன்று.

கெய்ரோவில் ஒரு சுல்தான் சொத்தை எழுதிவைத்தார். மதுரையில் ஒரு மருத்துவர் வீட்டை அடமானம் வைத்தார். நம்மிடம் கேட்கப்படுவது அவ்வளவு பெரியதன்று. ஒரு முதியவரின் கையைப் பிடித்து, ஒரு நாள் முழுவதும் அவருடன் இருப்பதே கேட்கப்படுகிறது. இவ்வறிக்கை அடுத்த ஆண்டு உங்கள் கைகளை அடையும்போது, நம் மஹல்லாவில் எத்தனை பேர் பார்வை பெற்றனர் என்ற எண்ணிக்கையும் அதில் இடம்பெற வேண்டும் என்பதே நம் விருப்பம். வல்ல இறைவன் அதற்குத் துணை புரிவானாக!